பேர் சொல்லாத வீட்டுக் கோழிக்கூடு

அந்தக் காலம்னா எந்தக் காலம்? கோழியெல்லாம் மரத்துல ஏறித் தூங்கிக்கிட்டிருந்த காலம். "எறங்கி வா, உனக்கொரு வீடு கட்டித் தர்றேன்"னு மனுஷன் கூப்பிட, "க்கொக்... க்கொக்... சரி, அதையுந்தான் பாப்போமே"ன்னு கோழி எறங்கி வந்த காலம். அந்த நாட்டுக்கும் ஒரு ராஜா இருந்தாரு. இருந்துட்டுப் போகட்டும். அவரு அரண்மனையில இருக்காரு, நம்ம கதை ஒரு மொட்டப் பாறைக் கரட்டோரமா நடக்குது. அவர நடுவுல எழுப்ப வேண்டாம்.

கரட்டோரமா ஒரு குடும்பம். புருஷன் பேரு வேலாண்டி. பாயச் சுருட்டி நிறுத்தி வச்சாப்புல அப்பிடி ஒரு ஒல்லி. பொண்டாட்டி பேரு மாயக்கா. மக பேரு ராக்கு. அவளுக்கு வயசு எட்டு, அவ வாய்க்கு வயசு இருவது.

அவங்களுக்கு ஒரு துண்டு நெலம் இருந்துச்சு. கம்பு வெதச்சா கல்லு முளைக்கும். சோளம் வெதச்சா கல்லு முளைக்கும். ஒண்ணும் வெதைக்கலேன்னாலும் கல்லு முளைக்கும். ரெண்டு வருசமா மழையும் இல்ல. கடைசியில வீட்டுல மிஞ்சினது ஒரே ஒரு செவலைக் கோழி.

"இந்தா பாரு மாயக்கா," வேலாண்டி சொன்னான். "இந்தக் கோழிய வச்சுப் பெருக்கிக்கிட்டோம்னா இங்கயே கெடந்து பொழைச்சுக்கலாம். இல்லேன்னா நான் தெக்க உப்பளத்துக்குப் போய்த்தான் ஆகணும்."

உப்பளம்னு கேட்டதும் மாயக்கா வாசல் பாதையத் திரும்பிப் பாத்தா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவங்க வீட்டுப் பாதை வழியாத்தான் உப்பளத்துக்கு ஆளுக போவாங்க. போறப்ப முப்பது பேரு பேசிக்கிட்டே போவாங்க. வர்றப்ப மூணு பேரு பேசாம வருவாங்க. மத்தவங்க எங்கன்னு யாரும் கேக்குறதில்ல.

ஆக, கோழி நின்னா புருஷன் நிப்பான். கோழி போனா புருஷன் போவான். மாயக்காவுக்கு அம்புட்டுத்தான் கணக்கு.

சரி, இப்ப மாயக்காவப் பத்தி ஒரு விசயம் சொல்லணும். காதக் கொண்டாங்க.

மாயக்கா எதுக்குப் பயப்படுறாளோ அதோட பேரச் சொல்ல மாட்டா.

சின்ன வயசுல ஒரு நாள் அவங்க ஆத்தாகிட்ட, "நரி வந்துருச்சுன்னா என்ன செய்வே?"ன்னு கேட்டிருக்கா. அன்னைக்குப் பொழுது சாயவும் நரி வந்துருச்சு. ஏழு கோழி போச்சு. அவங்க ஆத்தா ஆத்திரத்துல, "பேரச் சொல்லிக் கூப்பிட்டியே, வந்துருச்சு பாத்தியா!"ன்னு முதுகுல ஒண்ணு வச்சா. முதுகு அன்னைக்கே ஆறிப்போச்சு. நாக்குத்தான் அன்னைக்குக் கட்டினது கட்டினபடி கெடக்கு.

ஊரு ஒலகத்துலயும் அப்பிடிச் செய்யுறவங்க உண்டுதான். பொழுது சாஞ்சப்புறம் பாம்பப் பாம்புன்னு சொல்லாம பூச்சிம்பாங்க. ஆனா மாயக்காவுக்குப் பொழுதெல்லாம் கெடையாது. விடிஞ்சாலும் அப்பிடித்தான், சாஞ்சாலும் அப்பிடித்தான். பருந்துக்கு ஒரு மாத்துப் பேரு, நரிக்கு ஒரு மாத்துப் பேரு, பாம்புக்கு ஒரு மாத்துப் பேரு. அதோட விட்டாளா? மாத்துப் பேரு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுன்னா, "அதுகளுக்கும் தெரிஞ்சு போயிருக்குமே!"ன்னு அமாவாசைக்கு அமாவாசை பேர மாத்துவா. நேத்துப் பாம்புக்கு இருந்த பேரு இன்னைக்கு வெறும் பேரு. இன்னைக்கு என்ன பேருன்னு வீட்டுல இருக்குறவங்களே அவகிட்டத்தான் கேட்டுக்கணும்.

பக்கத்துத் தோட்டத்துச் சேவல் புண்ணியத்துல, செவலைக் கோழி பதினோரு முட்டையில ஒக்காந்து, பதினொண்ணையும் பொரிச்சிருச்சு. "கீச் கீச் கீச்"னு வீட்டு முத்தமெல்லாம் பஞ்சு உருண்டையா ஓடுது. வேலாண்டி கூடு கட்ட எறங்கினான். வேப்பங்கம்ப நட்டான், மூங்கிலப் பொளந்தான், செம்மண்ணக் கொழச்சான்.

"ஏய், எதுக்குப் பயந்து கட்டணும்? சொல்லு, அதுக்குத் தக்கன கட்டுறேன்."

"எல்லாத்துக்கும் பயந்துதான்."

"எல்லாம்னா எது?"

"அதான்... எல்லாம்."

வேலாண்டி சுத்துமுத்தும் பாத்தான். எல்லாத்துக்கும் எப்பிடிக் கூடு கட்டுறது? இடுப்பு ஒசரத்துக்குச் சுத்திச் செவரு வச்சான், மூங்கில் பின்னின ஒரு படல் கதவு வச்சான், மேல திறந்து விட்டுட்டான். காத்து வரட்டும், வெளிச்சம் வரட்டும்னு.

காத்து வந்துச்சு. வெளிச்சம் வந்துச்சு. மூணாவதா ஒண்ணும் வந்துச்சு.

மாயக்கா முத்தத்துல நின்னு அண்ணாந்து பாத்தா. வானத்துல ஒரு புள்ளி. புள்ளி வட்டம் போடுது. வட்டம் சின்னதாகுது. "ஏங்க! ஏங்க! மேல இருக்கறவரு வந்துட்டாரு!"ன்னு கத்தினா.

மேல இருக்கறவருன்னா யாரு? வேலாண்டி துண்ட இடுப்புல கட்டினான், ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டான், கண்ண இறுக்கி மூடிக்கிட்டான். "அப்பனே! எங்களத் தேடியா வந்த!"

'விஷ்ஷ்ஷ்'னு ஒரு சத்தம். 'கீச்'சுன்னு ஒரு சத்தம். கண்ணத் தொறந்தா ஒரு குஞ்சக் காணோம்.

"சாமி எடுத்துக்கிச்சு," கண்ணுல தண்ணியோட சொன்னான் வேலாண்டி.

மறுநாளும் மேல இருக்கறவரு வந்தாரு, மறுநாளும் அவன் கும்பிட்டான், மறுநாளும் ஒரு குஞ்சு போச்சு. மாயக்கா கையப் பெசையுறா, வாயத் தொறக்குறா, மூடுறா. பேரச் சொன்னா கூட்டமா வந்துருமோன்னு அவளுக்குப் பயம். மூணாவது நாளும் அதே கதை. அன்னைக்கு ராக்குதான் கேட்டா.

"அய்யா, சாமிக்கு மூக்கு வளஞ்சிருக்குமா?"

"ஏன் கேக்குற?"

"இந்தச் சாமிக்கு வளஞ்சிருக்கு. ரெக்கையும் இருக்கு. காலுல நம்ம குஞ்சும் இருக்கு."

வேலாண்டி கும்பிட்ட கைய எறக்கிப் பொண்டாட்டியப் பாத்தான். "அடியே, அது பருந்—" மாயக்கா ஓடி வந்து அவன் வாயப் பொத்தினா. கை முழுக்கச் செம்மண்ணு. பாதிப் பேரோட சேத்து மண்ணையும் முழுங்கினான்.

கூட்டுக்கு மேல பனையோலையப் போட்டு மூடினான். மிச்சம் எட்டுக் குஞ்சு.

எட்டும் வளந்துச்சு. கழுத்துல மயிரு வச்சு, கொண்டையில செவப்பு ஏறி, முட்டைக்கு எடம் பாக்குற பருவம். மாயக்கா கொஞ்சம் மூச்சு விட்டா. கொஞ்சந்தான். ஒரு நாளைக்கு மூணு தடவ எண்ணுவா. எட்டு வந்துச்சுன்னாலும், ஏழோன்னு திரும்ப எண்ணுவா.

ஒரு நாள் வெளக்கு வைக்கிற நேரம். வேலாண்டி வீட்டுக்குள்ள அடுப்புக்கு வெறகு ஒடிச்சுக்கிட்டிருக்கான். மாயக்கா தண்ணித் தொட்டிகிட்ட நிக்கிறா. கூட்டுப் பக்கத்துல ரெண்டு காது தெரியுது. காதுக்குக் கீழ ஒரு மூக்கு. மூக்கு படல் கதவ மோந்து பாக்குது.

அந்த மாசம் நரிக்கு என்ன பேரு தெரியுமா? விருந்தாளி.

"ஏங்க! விருந்தாளி வந்திருக்காக!"

உள்ள இருந்து வேலாண்டி: "எத்தன பேரு?"

"ஒருத்தருதான்!"

"சாப்பிட்டு வந்தாகளா?"

"சாப்பிடத்தான் வந்திருக்காக!"

"அப்ப ஏன் வாசல்லயே நிக்க வைக்கிற? உள்ள வரச் சொல்லு!"

"உள்ள வந்துரக் கூடாதுங்க!"

"அடியே மெல்லப் பேசு! காதுல விழுந்தா என்ன நெனைப்பாக?"

"ஐயோ, நீங்க மொதல்ல வெளிய வாங்களேன்!"

வந்தான். சும்மா வருவானா? விருந்தாளி கால் கழுவ ஒரு செம்புத் தண்ணி, ஒக்கார ஒரு தடுக்கு. ரெண்டையும் ரெண்டு கையில புடிச்சுக்கிட்டு, பல்லெல்லாம் தெரிய, "வாங்க வாங்க, எந்தூரு..."ன்னு சொல்லிக்கிட்டே வந்தான். விருந்தாளி திரும்பிப் பாத்தாரு. வாயில ஒரு கோழி. கூட்டுக்குள்ள ரெண்டு கழுத்தொடிஞ்சு கெடக்கு. வால ஒரு ஆட்டு ஆட்டிட்டு அவரு கரட்டுப் பக்கம் போயிட்டாரு.

செம்புத் தண்ணியப் புடிச்சுக்கிட்டு வேலாண்டி நின்ன நிலை இருக்கே, அதப் பாத்து ஊரே சிரிச்சுச்சு. பக்கத்துத் தோட்டத்து மொக்கச்சி வேலிக்கு மேல தலைய நீட்டி, "என்ன மதினி, ஒங்க வீட்டுல விருந்தாளிக்குக் கோழி அடிச்சுப் போடுறீகளாமே? நாங்கள்லாம் எப்ப வர்றது?"ன்னு கேட்டா. மாயக்காவுக்கு எண்ணிக்கை ஓடிக்கிட்டிருந்துச்சு. எட்டுல மூணு போக அஞ்சு.

வேலாண்டி கூட்ட இடிச்சுட்டு மறுபடி கட்டினான். செவரத் தலைக்கு மேல ஏத்தினான். படல எடுத்துட்டு, தரையோட தரையா ஒரு சின்ன வாசல் வச்சான். கோழி குனிஞ்சு போகலாம். மனுஷன்ல ஒருத்தன் படுத்து ஊந்து போகலாம். அந்த ஒருத்தன் அவன்தான், வேற யாருக்கும் அந்த ஒடம்பு வாய்க்கல. உள்ள ஒரே இருட்டு. காத்துக்குன்னு கண்ணு ஒசரத்துல ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

ஆனா கீழ? பின் செவத்து அடியில எலி பறிச்ச பொந்து ஒண்ணு இருந்துச்சு. யாரு அதப் பாக்கச் சொன்னா? யாரும் சொல்லல.

அஞ்சு கோழியில ரெண்டு சீக்கு வந்து செத்துச்சு. மிஞ்சின மூணும் இட்ட முட்டை பதிமூணு. அந்தப் பதிமூணையும் கூடையில மணலப் பரப்பி, வைக்கோல மெத்தி, இடி விழுந்தா முட்டை கெட்டுறாம இருக்க ஒரு இரும்புத் துண்டும் ஒரு கரித்துண்டும் போட்டு, செவலைய அடை வச்சாங்க.

"இதுதான் கடைசி," வேலாண்டி சொன்னான். குரல்ல கோவம் இல்ல, அதுதான் மாயக்காவ என்னமோ பண்ணுச்சு. "இது பொரிச்சா இருக்கேன். பொரிக்கலேன்னா அதுக்கப்புறம் வர்ற பௌர்ணமிக்கு உப்பளத்துக்காரங்க போவாங்கல்ல, கூடப் போயிர்றேன். ராக்குவப் பாத்துக்க."

இருவத்தோரு நாளு. மாயக்கா செவத்துல கரியால கோடு போட்டா. ஒரு கோடு போடுறதுக்குள்ள ஒரு வருசம் போனாப்புல இருந்துச்சு.

பதினெட்டாவது கோடு போட்டுட்டுக் கூட்டுக்குப் பின்னால சாம்பல் கொட்டப் போனா. அங்க ஒண்ணு கெடந்துச்சு. நீளமா, வெள்ளையா, வெங்காயத் தோலாட்டம். காத்துல லேசா ஆடுது. பாம்பு உரிச்ச சட்டை. இன்னும் ஈரங்கூடக் காயல.

மாயக்கா சாம்பல் சட்டிய அங்கயே போட்டா. ஓடி வந்து புருஷன் முன்னால நின்னா.

"ஏங்க... கூட்டுக்குப் பின்னால ஒரு சட்டை கெடக்கு."

"சட்டையா? எனக்கேது சட்டை? இருக்குறதே ரெண்டு வேட்டி. யாரோடது?"

"அதப்... போட்டிருந்தவரோடது."

"பாவம், காணோம்னு தேடுவாரு. மடிச்சு வை. வந்தாருன்னா குடுத்துரலாம்."

வந்தாருன்னா! மாயக்காவுக்குப் பேரச் சொல்லிறலாம்னு உதடு வரைக்கும் வந்துச்சு. சொன்னா வந்துருமே? சொல்லாட்டி? சொல்லாட்டி ஒருவேள அப்பிடியே போயிருமோ? போயிருக்குமோ? அன்னைக்கும் சோறு எறங்கல, மறுநாளும் எறங்கல. கூட்டச் சுத்தி வெள்ளைப்பூண்டத் தட்டிப் போட்டா. ஏன்னு ராக்கு கேட்டதுக்கு, "வாசத்துக்கு"ன்னா.

இருவதாவது நாள் அமாவாசை. அன்னைக்கு வரைக்கும் பாம்புக்கு அந்த வீட்டுல பேரு பூச்சி. ஆனா பூச்சி ஊருக்கே தெரிஞ்ச பேராச்சே, பாம்புக்கும் தெரிஞ்சிருக்குமே! மாயக்கா வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு, "இன்னையில இருந்து பூச்சின்னா வெறும் பூச்சிதான்"னு சொல்லிட்டா. அப்ப புதுப் பேரு என்னன்னா, பெரியவரு. அத அவ மனசுக்குள்ள வச்சாளே தவிர, வெளிய சொல்லல. சொன்னா அந்தப் பேரும் பழசாயிருமாம்!

இருவத்தோராவது நாள் விடிஞ்சுச்சு.

கூட்டுக்குள்ள இருந்து 'டிக்... டிக்...'னு குஞ்சு ஓட்ட உள்ளேருந்து தட்டுற சத்தம் வர வேண்டிய நேரம். வந்தது அது இல்ல. செவலை குதிச்சு வெளிய ஓடி வந்துச்சு. "க்கே க்கே க்கே க்கேஏஏஏ!" முட்டையிட்ட கோழி போடுற சத்தம் ஒரு மாதிரி. இது வேற மாதிரி. மயிரெல்லாம் நட்டுக்கிட்டு நிக்குது. மத்த மூணு கோழியும் கூரை மேல ஏறிக் கத்துதுங்க.

"என்னமோ ஆச்சு, முட்டையப் பாக்குறேன்"னு வேலாண்டி தரையில படுத்தான். சின்ன வாசலுக்குள்ள தலைய விட்டான், தோள ஒருக்களிச்சு விட்டான், இடுப்பு வரைக்கும் ஊந்துட்டான். வெளிய ரெண்டு காலு மட்டும் தெரியுது.

மாயக்கா காத்து ஓட்டையில கண்ண வச்சா.

மொதல்ல ஒண்ணுந் தெரியல, ஒரே இருட்டு. அப்புறம் கூடை தெரிஞ்சுச்சு. அப்புறம் முட்டை. முட்டைக்கு அந்தாண்ட கருப்பா ஒரு சுருணை. சுருணை நடுவுல இருந்து ஒண்ணு மெல்ல எழும்புது. எழும்பி அகலமாகுது.

வேலாண்டி கையால இருட்டுல தடவிக்கிட்டே கூடையத் தேடுறான்.

"ஏங்க!" மாயக்கா ஓட்டையோட ஒட்டிக்கிட்டா. "ஏங்க, உள்ள பெரியவரு இருக்காரு!"

"யாரு, ஊர்ப் பெரியவரா?" உள்ள இருந்து அவன் குரல் பானைக்குள்ள பேசுறாப்புல வந்துச்சு. "வீட்டுக்குள்ள ஒக்காந்திருக்காரா? ஒரு வாய் மோரு குடு, இந்தா வந்துர்றேன்."

கை இன்னுங் கொஞ்சம் முன்னால போச்சு.

"ஐயோ, பெரியவரு இல்லைங்க! பூச்சி! பூச்சி!"

"பூச்சின்னா வெறும் பூச்சிதான்னு நேத்து நீதான சொன்ன? இருந்துட்டுப் போகட்டும், கோழி கொத்தித் தின்னுக்கும்."

கை கூடை விளிம்பத் தொட்டுருச்சு. உள்ள 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம். கோழிச் சத்தத்துல அது அவனுக்குக் கேக்கல. அவளுக்குக் கேட்டுச்சு. புத்தி எங்கெங்கயோ ஓடுது. போன வருசத்துப் பேரு ஒண்ணு வாயில வந்து விழுந்துச்சு.

"கயிறு! கயிறுங்க! கயிறு!"

"கயிறா? நல்லதாப் போச்சு, காலையில இருந்து கூடையக் கட்டக் கயிறு தேடிக்கிட்டிருக்கேன். எந்தப் பக்கம் கெடக்கு? வலது பக்கமா? இரு, எடுத்துக்கிறேன்."

கை கூடைய விட்டுட்டு வலது பக்கம் திரும்புது. அஞ்சு வெரலும் விரியுது.

மாயக்காகிட்ட வேற மாத்துப் பேரு இல்ல. எல்லாம் தீந்து போச்சு.

"பாம்பு!"

அந்தச் சத்தம் கரட்டுல பட்டுத் திரும்பி வந்துச்சு. பாம்பு... பாம்பு... பாம்பு. மொக்கச்சி வேலிக்கு அந்தாண்ட வாளியப் போட்டுட்டா. ராக்கு பேச மறந்து போனா, அது அவ பொறந்ததுல இருந்து நடக்காத காரியம். வேலாண்டி கை அந்தரத்துல அப்பிடியே நின்னுருச்சு.

"எங்க?" ஒரே சொல்லு கேட்டான். மூச்சுல கேட்டான்.

ஒரு தடவ தொறந்த வாய் இனி மூடுமா? "நல்லபாம்பு. கூடைக்குப் பின்னால. உங்க வலது கைக்கு ஒரு சாண். படம் எடுத்து நிக்கிது. கைய இழுக்காதீங்க, இழுத்தா கொத்திப் போட்டுரும். அசையாம மூச்ச மட்டும் விடுங்க."

"ம்."

"உங்களப் பாக்குது. கையப் பாக்குது. இன்னும் பாக்குது. இருங்க, இருங்க. இன்னும்..."

வெளிய ரெண்டு காலு. கட்டை மாதிரி கெடக்கு. மாயக்கா ஓட்டையில இருந்து கண்ண எடுக்கல. கண்ணுல தண்ணி வந்து மறைக்குது, தொடைக்கக் கைய எடுத்தா அந்த ஒரு நொடியில என்ன ஆகுமோன்னு தொடைக்காமயே பாக்குறா.

"படத்தச் சுருக்குது. எறக்கிருச்சு. முட்டைப் பக்கம் திரும்புது. ஒண்ண முழுங்குது. முழுங்கட்டும், நீங்க அசையாதீங்க. ரெண்டு. முழுங்கட்டும். மூணு. போதும் போல. நகருது. பின் செவத்துக்குப் போகுது. அடியில எலிப் பொந்து இருக்குங்க! அதுக்குள்ள தலைய விடுது. பாதி போயிருச்சு. முக்காவாசி. வாலு. வாலு நுனி... போயிருச்சு. இப்ப வாங்க! வாங்க வாங்க வாங்க!"

வந்தானா? எங்க வர்றது, ஒடம்பு மரத்துப் போச்சு. ராக்கு ஒரு கால இழுக்க, மாயக்கா ஒரு கால இழுக்க, வேட்டி பாதி வாசல்ல மாட்டிக்கிட்டு நிக்க, மனுஷன் வெளிய வந்து விழுந்தான். அண்ணாந்து படுத்து வானத்தப் பாத்தான். இப்பக் கும்பிடல. சும்மா பாத்தான்.

கொஞ்ச நேரம் கழிச்சு, "அது... மோரு கேக்குற பெரியவரு இல்லதான?"ன்னான்.

மாயக்கா சிரிக்கல. அவன் நெஞ்சுல தலைய வச்சு அழுதா. அழுது முடிச்சுட்டு, மூக்கச் சீந்திட்டு எந்திரிச்சா.

"கூட்டப் பிரிங்க. நான் சொல்லச் சொல்லக் கட்டுங்க."

"சொல்லு."

அவ மண்வெட்டிய எடுத்து அவன் கையில குடுத்தா. பயம் போயிருச்சுன்னு யாரு சொன்னது? பயம் இருந்துச்சு. பயத்தோடயே சொன்னா.

"பருந்து வரும். மேல ஓலை மட்டும் போதாது, முத்தத்துல குஞ்சு மேயுற எடத்துக்கும் முள்ளுப் பந்தல் போடுங்க."

போட்டான்.

"நரி வரும். வாசலத் தரையில இருந்து ஒசத்தி வைங்க, மூடுறதுக்கு ஒரு பலகைக் கல்லு நிறுத்துங்க. மூக்கால தள்ள முடியாத கல்லா இருக்கணும்."

நிறுத்தினான்.

"பாம்பு வரும்." இதச் சொல்றப்ப மட்டும் ராக்கு கையப் புடிச்சுக்கிட்டா. "அடிச் செவரத் தோண்டி, சில்லுக் கல்லும் முள்ளும் போட்டு அடைச்சுக் கெட்டியாக்கணும். எலிப் பொந்து ஒண்ணு கூட இருக்கக் கூடாது."

கெட்டியாக்கினான். அவளும் கூட நின்னு மண்ண மிதிச்சா.

மிச்சம் இருந்த பத்து முட்டையக் கூடையோட வீட்டுக்குள்ள வச்சிருந்தாங்க, அன்னைக்கு மத்தியானமே செவலை திரும்பி வந்து அணைச்சுக்கிச்சு. ஒண்ணு கூமுட்டையாப் போச்சு. ஒம்பது பொரிச்சுச்சு. ஒம்பதுல ஒண்ணு கால் வளஞ்சு பொறந்துச்சு, அதையும் ராக்கு விடல, அதுக்குத்தான் அதிகமாத் தீனி போட்டா.

பௌர்ணமி வந்துச்சு. உப்பளத்துக்குப் போறவங்க பேசிக்கிட்டே வந்தாங்க. "என்ன வேலாண்டி, வர்றியா?"ன்னு ஒருத்தர் நின்னு கேட்டாரு. மாயக்கா கதவுக்குப் பின்னால நின்னு காதக் குடுத்துக் கேட்டா.

"இல்லண்ணே," வேலாண்டி சொன்னான். "கோழிக்குத் தண்ணி வைக்கணும்."

அவங்க போயிட்டாங்க. பேச்சுச் சத்தம் ரொம்ப தூரம் வரைக்கும் கேட்டுச்சு.

அதுக்கு நாலாம் நாளு, வெளக்கு வைக்கிற நேரம், நரி வந்துச்சு. மாயக்கா பாத்தா. "ஏங்க, நரி!"ன்னா. செம்பும் இல்ல, தடுக்கும் இல்ல, வேலாண்டி கம்போட வந்தான். நரி பலகைக் கல்ல மூக்கால தள்ளிப் பாத்துச்சு. காலால பிராண்டிப் பாத்துச்சு. ஒரு சுத்துச் சுத்திப் பாத்துச்சு. கம்பப் பாத்ததும் கரட்டுப் பக்கம் நடையக் கட்டிருச்சு.

ராக்கு ஆத்தாகிட்ட மெதுவாக் கேட்டா. "ஆத்தா, நீ பேரச் சொன்னதுனாலயா அது வந்துச்சு?"

மாயக்கா கல்லு அசையுதான்னு தள்ளிப் பாத்தா.

"இல்லடி. கோழி இருந்துச்சு, அதனால வந்துச்சு. பேரச் சொன்னதுனால ஒங்கய்யா கம்போட வந்தாரு."

கேட்டீங்களா? இந்தக் கதை சொல்ற நீதி இதுதான்: பயப்படுறத மூடி மறைச்சுப் பேசினா அது வராம இருந்துறாது, அதோட பேரச் சொன்னாத்தான் கூட இருக்குறவங்க காப்பாத்த முடியும்.